டேப் சைஸ் 4 என்று வைத்தும் 2 ஆகத் திறக்கிறது, ஒரு வரி திருத்தினால் 1,312 வரி மாறுகிறது: எங்கே தப்பு?

செக்காலை ரோடு கேட்டது:

வணக்கம். காரைக்குடியில் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறோம். இப்போது கையில் இருப்பது ஆத்தங்குடியில் ஓடு போடும் பட்டறை ஒன்றுக்கு இருப்புக் கணக்கும் பில்லும். பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்ட், மாதக் கடைசி அறிக்கைக்குக் கொஞ்சம் பைத்தான். கோடு எழுதுகிற எடிட்டர் ஆளுக்கொன்று: நான் விண்டோஸில் விஎஸ் கோட். கூட்டாளி தேவகோட்டையில் வீட்டிலிருந்தே லினக்ஸில் வேலை பார்க்கிறான், நியோவிம் தவிர வேறு எதையும் தொட மாட்டான். புதிதாகச் சேர்ந்த தங்கச்சி வெப்ஸ்டார்ம்.

போன வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து போன். மூலை உடைந்த ஓடுகளைக் கழித்து மிச்சத்துக்குப் பில் போட்டால் ஒரு ரூபாய் கூட வருகிறதாம். ரவுண்ட் செய்கிற வரி ஒன்றே ஒன்றுதான், அதைத் திருத்தினேன், சேவ் செய்தேன், கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) கமிட் போட்டு, அதாவது மாற்றத்தைப் பதிந்து, அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் கூட்டாளியிடமிருந்து நாலு மிஸ்டு கால். "ஒரு வரி என்று எழுதியிருக்கிறாய், டிஃபில் 1,312 வரி சிவப்பும் பச்சையுமாக நிற்கிறது, இதில் உன் வரியை நான் எங்கே போய்த் தேட?" (டிஃப் என்பது பழைய கோடுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம்.) அவனும் அதே கோப்பில் ஜிஎஸ்டி பகுதியை மாற்றிக்கொண்டிருந்தான். இருவர் மாற்றங்களையும் ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ் முடிய ராத்திரி 11 மணி. இப்போது எந்த வரிக்கு பிளேம் போட்டாலும், அதாவது கடைசியாக மாற்றியது யார் என்று கிட்டைக் கேட்டாலும், என் பெயர்தான் வருகிறது, மூன்று வருஷம் முன்னால் அவன் செய்த அசட்டு வேலைக்கெல்லாம் நான் பொறுப்பாளி ஆகிவிட்டேன்.

என் செட்டிங்ஸில் டேப் சைஸ், அதாவது வரித் தொடக்கத்தில் உள்தள்ளி விடும் இடம், 4 என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் சில கோப்புகள் 2 ஆகத்தான் திறக்கின்றன. சேவ் செய்யும்போதே கோடை அடுக்கிக் கொடுக்கும் ஃபார்மேட் ஆன் சேவ் போட்டிருக்கிறேன். ஒற்றை மேற்கோள் போட்ட இடமெல்லாம் இரட்டை மேற்கோளாக மாறியிருக்கிறது, அதை நான் கேட்கவே இல்லை. மூன்று பேரும் மூன்று எடிட்டரில் இருந்துகொண்டே கோடு ஒரே மாதிரி நிற்க என்ன செய்ய வேண்டும்? கெட்டுப்போன வரலாற்றைச் சரிசெய்ய வழி உண்டா? டேபா ஸ்பேஸா என்ற சண்டையும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கும் யாராவது பஞ்சாயத்துப் பண்ணினால் நல்லது.

கண்டனூர் ஆச்சி பேத்தி:

அண்ணே, கோப்பைத் திறந்ததும் கீழ்ப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள், "ஸ்பேசஸ்: 2" என்று இருக்கும். விஎஸ் கோடில் டிடெக்ட் இண்டென்டேஷன் என்று ஒரு செட்டிங் உண்டு, நாம் தொடாத வரை அது ஆனில்தான் இருக்கும். கோப்பைத் திறக்கும்போதே உள்ளே எத்தனை இடம் விட்டு எழுதியிருக்கிறது என்று பார்த்து, நீங்கள் வைத்த 4ஐ ஓரமாக ஒதுக்கிவிட்டு அதன்படி நடக்கும். டேப் சைஸ் என்பது புதுக் கோப்புக்கும், அதனால் கண்டுபிடிக்க முடியாத கோப்புக்கும்தான். உங்கள் 4 எங்கேயும் தொலையவில்லை, அதைக் கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த 2 முதலில் எப்படி வந்தது என்பதுதான் விஷயம். மேற்கோள் மாறுகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே ஆள் மாட்டிக்கொண்டார். விஎஸ் கோடோடு வருகிற ஃபார்மேட்டர் மேற்கோளைத் தொடாது, அது பிரெட்டியர் என்கிற தனி ஃபார்மேட்டரின் வேலை. புராஜெக்டில் பிரெட்டியருக்கென்று எதுவும் எழுதி வைக்காவிட்டால் அது தன் இயல்புக்கு 2 ஸ்பேஸ், இரட்டை மேற்கோள், 80 எழுத்து அகலம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை சேவ் செய்ததும் கோப்பு 2க்கு மாறிவிடும், அடுத்த தடவை திறக்கும்போது டிடெக்ட் இண்டென்டேஷன் அந்த 2ஐப் பார்த்து "ஓ, இது 2 போட்ட கோப்பு" என்று முடிவு செய்யும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்கின்றன, நீங்கள் நடுவில் நின்று டேப் சைஸை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். யூசர் செட்டிங்ஸை வொர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸ் மீறும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மொழிக்கென்று தனியாக எழுதியது, அதாவது சதுர அடைப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்று போட்டு உள்ளே எழுதியிருந்தால், அது யூசர் மட்டத்தில் இருந்தாலும் வொர்க்ஸ்பேஸில் பொதுவாக எழுதியதை மீறிவிடும். இது தெரியாமல் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். உங்கள் செட்டிங்ஸ் ஜேசன் கோப்பைத் திறந்து அப்படி ஏதாவது பழைய பத்தி கிடக்கிறதா என்று தேடுங்கள்.

தேவகோட்டை லினக்ஸ்:

அந்தக் கூட்டாளி நான்தான். நாலு மிஸ்டு கால் இல்லை, ஆறு.

பேத்தி சொன்னது பாதி. மீதியை நான் அன்று ராத்திரியே பார்த்தேன், ஆனால் கோபத்தில் சொல்லவில்லை. கிட் டிஃப் போடும்போது -டபிள்யூ சேர்த்தால் இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காது. அப்படிப் போட்டால் 1,312 வரி 431 ஆகக் குறைந்தது. அந்த 431 மேற்கோளும், நீள வரியை உடைத்து மடக்கியதும், உன் ஒரு வரியும். மிச்சத்தில் பெரும்பகுதி 4ஐ 2 ஆக்கியது, கொஞ்சம் வரிமுடிவு.

வரிமுடிவு தெரியாதவர்களுக்கு: விண்டோஸ் ஒவ்வொரு வரி முடியும்போதும் இரண்டு கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் போடும், சிஆர்எல்எஃப். லினக்ஸும் மேக்கும் ஒன்றுதான், எல்எஃப். ஆரம்பத்தில் இவன் போட்ட சில கோப்புகள் சிஆர்எல்எஃப் ஆகவே கிட்டுக்குள் போயிருக்கின்றன. தங்கச்சி டெர்மினலில் பிரெட்டியரை ஓட்டியிருக்கிறது, 2.0 வந்ததிலிருந்து அது எல்லாவற்றையும் எல்எஃப் ஆகத்தான் எழுதும். ஓர் எழுத்துகூட மாறாமல் முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். இதை எடிட்டரில் போய்த் தீர்க்காதே. டாட் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லாவற்றுக்கும் டெக்ஸ்ட் ஆட்டோ, இஓஎல் எல்எஃப் என்று ஒரே வரி எழுதி, கிட் ஆட் உடன் ரீநார்மலைஸ் போட்டு ஒரு கமிட். அதோடு அது ஒழிந்தது.

டேபா ஸ்பேஸா என்பதற்கு என் பதில் உனக்குத் தெரியும்.

செக்காலை ரோடு:

சரி, தேடினேன், கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்து ஒட்டிய பத்தி, சதுர அடைப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட், டிஃபால்ட் ஃபார்மேட்டர் பிரெட்டியர். நான் எழுதினேன் என்பதே ஞாபகத்தில் இல்லை. அதை நீக்கிவிட்டேன். ஆனால் இப்போது பிரெட்டியரே வேண்டாம் என்று விட்டுவிடலாமா, அல்லது மூன்று பேரும் அதையே வைத்துக்கொள்ளலாமா? ஆளுக்கொரு எடிட்டரில் ஒரே மாதிரி செட்டிங்ஸ் வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா?

மேலாள்:

தம்பி, நடக்காது. ஆளாளுக்கு எடிட்டரில் போய் ஒரே செட்டிங்ஸ் வைக்கிறோம் என்று எத்தனை குழு சத்தியம் செய்து பார்த்திருக்கிறேன், ஒரு லேப்டாப் மாற்றினால் போச்சு. செட்டிங்ஸ் உங்கள் மூவரின் கணினியிலும் இருக்கக் கூடாது, கோடோடு கோடாக ரெப்போவுக்குள், அதாவது கிட் பார்த்துக்கொள்ளும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள், இருக்க வேண்டும். அப்புறம் யார் எதில் திறந்தால் என்ன?

எங்கள் ஐயா பர்மாவில் மோல்மீனில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாள் ஆகி, மேலாள் ஆகித் திரும்பியவர். அவர் எழுதிய பேரேடு இரண்டு இன்னும் எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கிறது. வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம், தேதி எங்கே, வட்டி எங்கே என்பதில் ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இராது. நடுவில் ஆறு மாதம் வேறு கையெழுத்து, ஐயாவுக்குக் காய்ச்சலோ என்னவோ, கையெழுத்து மாறியது தெரிகிறதே ஒழிய ஏட்டின் அமைப்பு மாறவே இல்லை. ஊரிலிருந்து வருகிற முதலாளி ஏட்டைப் புரட்டினால் தொகையைத்தான் பார்க்க வேண்டும், யார் எப்படிக் கோடு போட்டார் என்று பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் ஏது? (பேத்தி சொன்ன அந்தப் பழைய பத்தி இருக்கிறதே, அது மேலாள் உத்தரவைப் பெட்டியடிப் பையன் மீறுவது. அந்தக் காலத்தில் நடந்திருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.)

இனி வேலை. முதலில் ரெப்போவின் தலையில் டாட் எடிட்டர்கான்ஃபிக் என்று ஒரு கோப்பு. ரூட் ட்ரூ என்று தொடங்குங்கள், இல்லையென்றால் மேலே உள்ள ஃபோல்டர்களிலும் இதே கோப்பைத் தேடிக்கொண்டு போகும். பொதுவுக்கு ஸ்பேஸ் 2, பைத்தானுக்கு மட்டும் தனிப் பிரிவு போட்டு 4, ஏனென்றால் பைத்தான்காரர்கள் 2001இலேயே பெப் 8 என்று ஒரு நடை விதி எழுதி 4 ஸ்பேஸ் என்று முடித்துவிட்டார்கள், அங்கே போய் நாம் புதிதாக வாதாட வேண்டாம். மேக்ஃபைல் இருந்தால் அதற்கு டேப், அது ஸ்பேஸை ஏற்றுக்கொள்ளாது. வெப்ஸ்டார்ம் இந்தக் கோப்பைத் தானாகவே படிக்கும், நியோவிம் 0.9 முதல் தானாகப் படிக்கும், விஎஸ் கோடுக்கு மட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும்.

எடிட்டர்கான்ஃபிக் தட்டும்போது எப்படி விழ வேண்டும் என்று சொல்வது. எழுதி முடித்ததை அடுக்குவது பிரெட்டியர். அதை விடாதீர்கள், ஆனால் டாட் பிரெட்டியர்ஆர்சி கோப்பும் ரெப்போவிலேயே இருக்கட்டும். அது காலியாக, வெறும் நெளி அடைப்பாக இருந்தால்கூடப் போதும், "இந்தப் புராஜெக்டுக்கு இதுதான்" என்று ஆகிவிடும், அப்புறம் விஎஸ் கோடில் நீங்கள் பிரெட்டியருக்கென்று வைத்திருக்கும் சொந்த விருப்பங்கள் எடுபடாது. ஒற்றை மேற்கோள்தான் வேண்டுமென்றால் அதை இங்கே எழுதுங்கள்.

பிரெட்டியரின் பதிப்பையும் பேக்கேஜ் ஜேசனில் ஒரே எண்ணாகக் கட்டிப்போடுங்கள், முன்னால் அந்தக் கூரை அடையாளம் (^) வேண்டாம். 2023இல் 3.0 வந்தபோது கடைசிக் காற்புள்ளி விஷயத்தில் இயல்பை மாற்றினார்கள், அதுவரை ஃபங்க்ஷனுக்கு அனுப்பும் கடைசி மதிப்புக்குப் பின்னால் காற்புள்ளி வராது, 3.0இல் மடக்கிய இடத்திலெல்லாம் வரும். ஒருவர் 2.8, இன்னொருவர் 3 என்றால் இருவரும் நாள் முழுக்க ஒருவர் போட்ட காற்புள்ளியை ஒருவர் அழித்துக்கொண்டிருக்கலாம். பைத்தானுக்கு பிளாக் என்ற ஃபார்மேட்டர் போதும், அது 88 எழுத்து அகலம் வைத்துக்கொள்ளும், அதனிடம் கேட்கவோ சொல்லவோ அதிகம் கிடையாது.

பெரிய அடுக்கலை எப்போது செய்வது என்பதில்தான் நிதானம் வேண்டும். திறந்து கிடக்கும் பிராஞ்சுகளை, அதாவது தனியாக ஓடும் வேலைப் பிரதிகளை, எல்லாம் முதலில் மெர்ஜ் செய்து முடியுங்கள். அப்புறம் ஒரு கமிட், அதில் ஃபார்மேட் தவிர ஓர் எழுத்து மாறக் கூடாது. "போகிற போக்கில் இந்தப் பிழையையும் திருத்திவிடலாமே" என்று கை ஊறும், திருத்தாதீர்கள். அந்தக் கமிட்டின் எண்ணை டாட் கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் என்ற கோப்பில் எழுதி, கிட்டின் கான்ஃபிகில் பிளேம் டாட் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்பதில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இது உண்டு. பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டிப்போய் உண்மையில் எழுதியவர் பெயரைக் காட்டும். மூவரும் அவரவர் கணினியில் ஒரு தடவை செய்ய வேண்டும். கிட்ஹப் தளத்தில் கோப்பு இந்தப் பெயரில் இருந்தாலே தானாக எடுத்துக்கொள்ளும்.

போன வெள்ளிக்கிழமைக் கமிட்டை அப்படியே இதில் சேர்க்காதீர்கள், அதில் உங்கள் ரவுண்ட் திருத்தமும் கலந்திருக்கிறது, அதையும் சேர்த்து மறைத்துவிடும். மேலே வேறு கமிட்டுகள் அதிகம் ஏறவில்லை என்றால் அதை ரிவர்ட் செய்து (எதிர் கமிட் போட்டு நீக்கி), அந்த ஒரு வரியை மட்டும் தனியாகப் போட்டு, அப்புறம் அடுக்குங்கள். ரிவர்ட்டும் உங்கள் பெயரில் ஒரு கமிட்தான், அதனால் அப்புறம் வெள்ளிக்கிழமைக் கமிட், அதன் ரிவர்ட் இரண்டையும் சேர்த்தே அந்தக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

புதுவயல் மில்:

மேலாள் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் எடிட்டர்கான்ஃபிக்கில் ட்ரிம் ட்ரெய்லிங் வைட்ஸ்பேஸ் என்ற வரியை எல்லாவற்றுக்கும் ட்ரூ என்று போடுவதற்கு முன் நான் பட்டதைக் கேளுங்கள்.

எங்கள் ஊர் அரிசி ஆலை ஒன்றுக்கு எடைச்சீட்டு அடிக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், 80 எழுத்து அகலத் தாள், நடுவில் கிழிக்கிற கோடு. இடது பாதி மில்லுக்கு, வலது பாதி லாரிக்காரருக்கு. இடது பாதிக்கு ஒரு டெம்ப்ளேட் கோப்பு, ஒவ்வொரு வரியும் சரியாக 40 எழுத்து வருகிற மாதிரி பின்னால் ஸ்பேஸ் தட்டி நிரப்பியிருந்தேன். அதன் பின்னாலேயே வலது பாதியின் வரியை ஒட்டினால் இரண்டும் அந்தந்த இடத்தில் விழும். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. ஒரு நாள் நல்ல பிள்ளையாக எடிட்டர்கான்ஃபிக் போட்டேன், ட்ரிம் ட்ரூ. அந்த டெம்ப்ளேட்டில் ஃபோன் நம்பர் மாற்ற வேண்டியிருந்தது, மாற்றி சேவ் செய்தேன். வரிக்கடைசி ஸ்பேஸ் அத்தனையும் போயிற்று, திரையில் ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏழு லாரி வரிசையில் நிற்க, மூட்டை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே லாரி நம்பர் ஒட்டிக்கொண்டு அச்சாகிறது. 120 மூட்டை என்று இருக்க வேண்டிய இடத்தில் 12063 என்று நின்றது, 63 என்பது டிஎன் 63. எடை போடுகிறவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு லாரியில் பன்னிரண்டாயிரம் மூட்டை எப்படி ஏற்றினீர்கள்?" என்று கேட்டார்.

அந்த வகைக் கோப்புக்குத் தனிப் பிரிவு போட்டு ட்ரிம் ஃபால்ஸ் என்று எழுதினேன். அப்புறம் புத்தி வந்து, ஸ்பேஸால் நிரப்புவதை விட்டுவிட்டு பேட்எண்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்க்ஷன் வைத்து கோடிலேயே 40க்கு நிரப்பினேன், இப்போது யார் ட்ரிம் செய்தாலும் கவலை இல்லை. உங்கள் பட்டறைப் பில்லும் டாட் மேட்ரிக்ஸ் என்றால் முதலில் இதைப் பாருங்கள். மார்க்டவுன் கோப்புக்கும் ட்ரிம் வேண்டாம், அதில் வரிக்கடைசி இரண்டு ஸ்பேஸுக்கு அடுத்த வரிக்குப் போ என்று பொருள்.

கண்டனூர் ஆச்சி பேத்தி:

பன்னிரண்டாயிரம் மூட்டை, சிரித்து முடியவில்லை.

செக்காலை ரோடு அண்ணே, உங்கள் கோடில் ஓடு அளவுகள் அட்டவணையாக இருக்குமே, 8க்கு 8, 10க்கு 10, 12க்கு 12, பெட்டிக்கு எத்தனை, சதுர அடிக்கு எத்தனை என்று நெடுக்கில் நேராக அடுக்கியது. பிரெட்டியர் அதைக் குலைத்துவிடும், பத்தி நேராக நிற்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது. அட்டவணைக்கு மேல் பிரெட்டியர் இக்னோர் என்று ஒரு கமென்ட் போட்டால் அந்த ஒன்றை மட்டும் தொடாமல் விடும். அச்சில் வார்க்கிற ஓட்டுக்கு அச்சு வேண்டும்தான், ஆனால் ஓரத்தில் பார்டர் ஓட்டுக்கு வேறு அச்சுதானே?

தமிழில் கமென்ட் எழுதுகிறீர்கள் என்றால் அவற்றை வலது பக்கம் நேராக அடுக்க முயலாதீர்கள். "கொ" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு. எழுத்துருவும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுப்பதில்லை. எந்த ஸ்பேஸ் கணக்கும் நிற்காது. கமென்டை மேல் வரியில் போட்டுவிடுங்கள்.

டேப் பற்றி: பார்வை குறைந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய அகலத்தில் டேபை வைத்துக்கொள்ளலாம், ஸ்பேஸில் அது முடியாது. உங்கள் மூவரில் யாருக்காவது அந்தத் தேவை இருந்தால் டேப், பிரெட்டியரில் யூஸ்டேப்ஸ் ட்ரூ. இல்லையென்றால் எதுவானாலும் சரி. கோ மொழிக்காரர்கள் தங்கள் ஃபார்மேட்டர் கோஃப்எம்டி சொன்ன டேபோடு நிம்மதியாக இருக்கிறார்கள், லினக்ஸ் கெர்னல்காரர்கள் 8 எழுத்து டேபோடு இருக்கிறார்கள்.

செக்காலை ரோடு:

சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து செய்தோம். கூட்டாளி தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான், வீட்டில் செய்த வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்தான், அதனால் ஆறு மிஸ்டு காலை மன்னித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கமிட்டை ரிவர்ட் செய்து, ரவுண்ட் வரியை மட்டும் தனியாகப் போட்டேன். இப்போது டிஃபில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. வரிமுடிவுக்கு ஒரு கமிட், ஃபார்மேட்டுக்கு ஒரு கமிட், 61 கோப்பு, இந்த இரண்டின் எண்ணும், வெள்ளிக்கிழமைக் கமிட், அதன் ரிவர்ட் இரண்டின் எண்ணும் இக்னோர் ரெவ்ஸில். பிளேம் போட்டுப் பார்த்தோம், மூன்று வருஷத்துக்கு முந்தைய அசட்டு வேலை அதன் சொந்தக்காரர் பெயருக்கே திரும்பிவிட்டது, அவன் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினான், நாங்கள் கேட்கவில்லை.

புதுவயல் அண்ணே, எங்கள் பில்லும் டாட் மேட்ரிக்ஸ்தான். டெம்ப்ளேட்டைத் திறந்து வெற்றிடங்களைக் காட்டும் செட்டிங்கை ஆன் செய்து பார்த்தால் வரிக்கடைசி எல்லாம் புள்ளி புள்ளியாக நிற்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பட்டறையில் நானும் மாட்டியிருப்பேன். அதை இப்போதைக்கு ட்ரிம் ஃபால்ஸில் வைத்திருக்கிறேன், பேட்எண்ட் வேலை தங்கச்சியிடம்.

ஸ்பேஸ் 2, ஒற்றை மேற்கோள். டேப் வேண்டும் என்று இரண்டு வருஷம் சண்டை போட்டவன், "பிரெட்டியர்தானே மாற்றிக்கொள்கிறது, நான் எதையாவது தட்டிவிட்டுப் போகிறேன்" என்று சொல்லிவிட்டான். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: வெப்ஸ்டார்மில் சேவ் செய்யும்போது பிரெட்டியர் தானாக ஓடவில்லை, தங்கச்சி ஒவ்வொரு தடவையும் கையால் ஓட்டுகிறது.

கண்டனூர் ஆச்சி பேத்தி:

செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் அண்ட் ஃபிரேம்வொர்க்ஸ், ஜாவாஸ்கிரிப்ட், அதற்குள் பிரெட்டியர். அங்கே "ரன் ஆன் சேவ்" என்று ஒரு பெட்டி இருக்கும், டிக் செய்யச் சொல்லுங்கள்.